டேக், டுக், டேக்கன்

ஆங்கிலத்தில் ‘டேக்’ என்ற வினைச்சொல்லைத் தொடாமல் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். மாத்திரை போட முடியாது, போட்டோ எடுக்க முடியாது, டாக்ஸி பிடிக்க முடியாது, லீவு எடுக்க முடியாது. விமானம்கூடத் தரையை விட்டுக் கிளம்பாது. பெண் அப்படியே அம்மா ஜாடை என்று சொல்லவும் இதே சொல்தான் வந்து நிற்கும். திக்கற்றவரை வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும் ‘டேக் இன்’, நம்பவைத்துக் கழுத்தை அறுத்தார்கள் என்றாலும் ‘டேக் இன்’.

ஆங்கிலம் அவ்வளவாகப் பேசாதவர்களும் இந்தச் சொல்லை அறிவார்கள். ‘ஒரே டேக்கில் ஓகே’ என்பது சினிமாக்காரர்கள் தந்த வழக்கு. சாலையில் பள்ளம் தோண்டினால் ‘டேக் டைவர்ஷன்’ பலகை வைப்பார்கள். ஹோட்டலில் ‘டேக் அவே’ உண்டு. ‘டேக் இட் ஈசி’ சொல்லாத கல்லூரி மாணவர் கிடையாது.

இத்தனை அடிப்படையான இந்தச் சொல் ஆங்கிலத்தின் பூர்வீகச் சொத்து கிடையாது. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்த மக்களின் பேச்சிலிருந்து வந்தது. வந்ததோடு நிற்காமல், அதே பொருளில் அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லை மெல்ல மெல்ல வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கும் என்னை இந்தக் கதையைப் போல யோசிக்க வைத்தது வேறில்லை. இன்று அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் இதில் என்ன அதிசயம் என்று பார்த்துவிடலாம். பொருள் வரும்போது பெயரும் கூடவே வருவது எல்லா மொழியிலும் நடப்பது. போர்த்துகீசியர் வந்தார்கள், ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் தமிழுக்கு வந்தன. வினைச்சொல் அப்படிச் சுலபமாக வராது. ஆங்கிலத்தோடு நமக்கு எத்தனை தலைமுறைப் பழக்கம்! இருந்தும் ‘சேவ் பண்ணினேன்’, ‘கால் பண்ணினேன்’, ‘டவுன்லோட் பண்ணிட்டேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘சேவினேன்’ என்று யார் வாயிலும் வருவதில்லை. ஆங்கில வினை தமிழுக்குள் நுழையும்போது பெயர்ச்சொல்லாக மாறிவிடுகிறது. காலத்தையும் திணை, பால், இடத்தையும் சுமப்பது நம்முடைய ‘பண்ணு’தான். அன்றாடம் கையாளும் ஒரு செயலுக்கு, வேற்றுமொழி வினையை அதன் இறந்தகால வடிவத்தோடு சேர்த்து அப்படியே எடுத்துக்கொள்வது அபூர்வம். ஆங்கிலம் அதைச் செய்தது. எப்படி என்பதுதான் கேள்வி.

பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ என்பதற்கான சொல் ‘நிமன்’. ஆல்ஃபிரட் மன்னர் காலத்து எழுத்துகளில் நிலத்தை எடுப்பதும் கையைப் பிடிப்பதும் கைதிகளைக் கொண்டுபோவதும் ‘நிமன்’தான். அதன் உடன்பிறப்புகள் இன்றும் திடமாக இருக்கின்றன. ஜெர்மன்காரர் ‘நேமன்’ என்கிறார், டச்சுக்காரர் ‘நேமன்’ என்கிறார், ஃப்ரீசிய மொழியில் ‘நிம்மெ’. நெருங்கிய உறவுகள் எல்லோரும் பாட்டன் சொல்லை வைத்திருக்க, ஆங்கிலம் மட்டும் அதை விட்டுவிட்டது. இப்போது ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறவர்கள் வடக்கே இருக்கிறார்கள்: ஐஸ்லாந்தில் ‘டாக்கா’, ஸ்வீடனிலும் நார்வேயிலும் சுருங்கிய ‘டா’. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அது ‘டாக்கா’, இறந்தகாலத்தில் ‘டோக்’.

வைக்கிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது கொள்ளை. அது பொய்யும் இல்லை. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தைச் சூறையாடினார்கள். 865இல் பெரும்படை ஒன்று வந்து இறங்கியது. அடுத்த ஆண்டே யார்க் நகரம் வீழ்ந்தது. ஆனால் மொழியின் கதைக்கு முக்கியமான ஆண்டு 876. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு அந்த ஆண்டுக்குக் கீழே ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறது: ஹாஃப்டன் என்ற தலைவன் நார்தம்பிரியாவின் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். கொள்ளையடிக்க வந்தவன் ஏர் பிடித்துவிட்டான். மாடு வாங்க வேண்டும், வரப்புத் தகராறு பேச வேண்டும், பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். அத்தனைக்கும் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசியாக வேண்டும்.

878இல் எடிங்டன் போரில் ஆல்ஃபிரட் வென்றார். பிறகு குத்ரம் என்ற வைக்கிங் அரசனோடு எல்லை ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. எல்லை தேம்ஸ் நதியோடு மேலேறி, லீ ஆற்றில் திரும்பி அதன் ஊற்றுவரை போய், அங்கிருந்து நேராக பெட்ஃபோர்ட், பிறகு ஊஸ் ஆற்றோடு ரோமானியர் போட்ட வாட்லிங் சாலைவரை. நம் பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை சொல்வார்களே, அதே நடை. அந்தக் கோட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் டேனியர் சட்டம் செல்லுபடியாகும். ‘டேன்லா’ என்ற பெயரே அப்படி வந்தது. அதிலுள்ள ‘லா’, அதாவது ‘சட்டம்’ என்ற சொல்லும் நார்ஸ்தான். விட்பி, கிரிம்ஸ்பி, டெர்பி என்று ‘பி’யில் முடிகிற ஊர்ப்பெயர்கள் அவர்கள் குடியிருப்புகளின் தடம்.

இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதால் வேர்ச்சொற்கள் பல ஒன்றுபோலவே இருந்தன. வேறுபட்டவை பெரும்பாலும் விகுதிகளும் உருபுகளும்தான். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐஸ்லாந்துக் கதை ஒன்று, நார்மன் வில்லியம் வருவதற்கு முன் இங்கிலாந்திலும் நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஒரே மொழிதான் இருந்தது என்று சொல்கிறது. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சந்தையில் சமாளித்திருப்பார்கள் என்பதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கிறார்கள்.

இந்தக் கலப்பைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வடக்கு யார்க்‌ஷயரில் கர்க்டேல் என்ற இடம் இருக்கிறது. புனித கிரிகோரி தேவாலயத்தின் தெற்கு வாசலுக்கு மேலே ஒரு கல் சூரியக் கடிகாரம். அதன் இருபுறமும் எழுத்து. கமலின் மகன் ஓர்ம் என்பவன், இடிந்து விழுந்து கிடந்த இந்தக் கோவிலை வாங்கி அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினான் என்கிறது அந்தக் கல்வெட்டு. எட்வர்ட் அரசராகவும் டோஸ்டி பிரபுவாகவும் இருந்த நாளில் என்று காலமும் சொல்கிறது. அதை வைத்து 1055க்கும் 1065க்கும் இடைப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். ஓர்ம், கமல் இரண்டும் அசல் நார்ஸ் பெயர்கள். கடிகாரத்தைச் செய்தவர் பெயர் ஹாவர்ட், பாதிரியார் பெயர் பிராண்ட். அவையும் வடக்கத்திப் பெயர்கள்தான். ஆனால் கல்லில் இருக்கும் மொழி ஆங்கிலம். அதிலும் பழைய ஆங்கில இலக்கணத்தின் வேற்றுமை உருபுகள் தளர்ந்துபோன ஆங்கிலம். பாட்டன் பெயரை விடவில்லை, பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பேச்சை மாற்றிக்கொண்டபோது பழைய பேச்சில் நாக்குக்குப் பழகிய சொற்கள் சிலவற்றையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

‘டேக்’ அந்த வழியாகத்தான் வந்தது. எழுத்தில் அது தலைகாட்டுவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வாய்ப்பேச்சில் அதற்கு வெகுமுன்பே புழங்கியிருக்க வேண்டும். ஆனால் ‘நிமன்’ உடனே ஓடிவிடவில்லை. பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் 1137ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதுகிறார். எழுதியது 1154ஐ ஒட்டி. ஸ்டீபன் அரசர் காலத்து உள்நாட்டுப் போர். கோட்டைக்காரர்கள், சொத்து இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஆண்களையும் பெண்களையும் இரவு பகல் பாராமல் பிடித்துக்கொண்டுபோய் வதைத்ததை அவர் விவரிக்கும்போது நெஞ்சு பதறும். அங்கே ‘பிடித்துக்கொண்டுபோனார்கள்’ என்பதற்கு அவர் கையில் வருவது ‘நிமன்’தான். சில பத்தாண்டுகள் கழித்து, அதிகத் தூரமில்லாத லிங்கன்ஷயர் பகுதியில் இன்னொரு துறவி எழுதுகிறார். அவர் பெயரும் ஓர்ம். தன் பெயரையே நூலுக்கு வைத்து ‘ஓர்முலம்’ என்று அழைத்தார். ஏறக்குறைய 19,000 வரிகள் மிஞ்சியிருக்கின்றன. கைப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதில் ‘டேக்’ தாராளமாகப் புழங்குகிறது. கூடவே ‘அவர்கள்’ என்பதற்கு நார்ஸிலிருந்து வந்த ‘தே’யும். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் கவிஞர் சாசர் எழுதும்போது ‘டேக்’ சர்வசாதாரணம்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்த ஒவ்வொருவரும் வினைச்சொல்லின் மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்தவர்கள்தான். டேக்–டுக்–டேக்கன், ஷேக்–ஷுக்–ஷேக்கன். இந்த இரண்டும் எதுகை போல அடுத்தடுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் வினைச்சொல்லுக்கு ஆங்கிலம் வழக்கமாக ‘எட்’ விகுதியை ஒட்டி வேலையை முடித்துவிடும். பிரெஞ்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்த வினைகள் அப்படித்தான். கேட்ச்–காட் போல விதிவிலக்குகள் கொஞ்சம். ‘டாக்கா–டோக்’ வந்தபோது, ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘ஷேக்–ஷுக்’ என்ற உள்ளூர் வரிசை இருந்தது. உயிரெழுத்து மாறும் முறை இரண்டிலும் ஒன்றே. ஒட்டுப்போடத் தேவையே இல்லாமல் வரிசையில் சேர்ந்துகொண்டது. மற்ற கடன்சொற்கள் எல்லாம் விருந்தாளியாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, ‘டேக்’ மட்டும் அந்த வீட்டுக்கு வந்த மருமகளைப் போலச் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது.

வெளியேறிய ‘நிமன்’ என்ன ஆயிற்று? துண்டு துண்டாக இன்றும் இருக்கிறது. பல் பிடுங்குமுன் மருத்துவர் ஊசி போட்டால் ஈறு மரத்துப்போகும். அந்த மரத்துப்போன நிலைக்கு ஆங்கிலத்தில் ‘நம்’ என்று உச்சரிக்கிற ஒரு சொல் உண்டு. எழுதும்போது கடைசியில் ‘பி’ என்ற எழுத்து ஊமையாக நிற்கும். அது ‘நிமன்’ வினையின் எச்ச வடிவம். ‘எடுக்கப்பட்டது’ என்று பொருள். எதை எடுத்தார்கள்? உணர்ச்சியை. அந்த ‘பி’ ஆதியில் கிடையாது. ‘டம்’, ‘லாம்’ போன்ற சொற்களின் கடைசியில் ஊமை ‘பி’ இருப்பதைப் பார்த்து இதற்கும் எழுதிவிட்டார்கள். துடியான கைகால் உள்ளவரை ‘நிம்பிள்’ என்பார்களே, அதுவும் இதே வேர். சட்டென்று பற்றக்கூடியவர் என்பது மூலப்பொருள்.

பொதுவழக்கிலிருந்து விழுந்தபிறகு ‘நிமன்’னின் தேய்ந்த வடிவமான ‘நிம்’ கொஞ்ச காலம் திருடர் பேச்சில் பிழைத்திருந்தது. பொருள், ‘அடித்துக்கொண்டு போ’. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் நிம் என்று ஒரு சிப்பாய் வருகிறான். கைநீளம் உள்ளவன், கடைசியில் தூக்கில் தொங்குகிறான். அன்றைய லண்டன் ரசிகர்களுக்குப் பெயரைக் கேட்டதுமே ஆள் யாரென்று விளங்கியிருக்கும். நம் ‘கொள்’ளுக்கும் இதே மாதிரி ஒரு கிளை உண்டு. எடுத்துக்கொள்வதும் விலைக்கு வாங்குவதும் ‘கொள்’தான், அதிலிருந்துதான் ‘கொள்முதல்’ வந்தது, ‘கொள்ளை’யும் வந்தது. எடுப்பதைச் சொல்லும் வினை அத்துமீறி எடுப்பதையும் சொல்லத் தொடங்குவது மனித இயல்பைக் காட்டுகிறது.

இன்னும் பின்னால் போனால் ‘நிமன்’னுக்கு ஒரு கிரேக்க உறவும் உண்டு என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. பங்கிடுவது, ஒதுக்குவது என்ற பொருளுள்ள கிரேக்க வினை அது. ‘எகானமி’யின் கடைசிப் பகுதியும், ‘நெமிசிஸ்’ என்ற பழிதீர்க்கும் தேவதையின் பெயரும் அதிலிருந்து வந்தவை. சொந்த வாசல் வழியாக வெளியே போன சொல்லின் தூரத்து உறவினர், புத்தகப் படிப்பு வழியாக மறுபடி ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறார்கள்.

சரி, ‘டேக்’ பிறந்தபோது அதற்கு என்ன பொருள்? அதற்கு அதே ஜெர்மானியக் குடும்பத்தின் பழைய மொழியான கோத்திக்கைப் பார்க்க வேண்டும். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை அந்த மொழியில் பெயர்த்தார். அதன் புகழ்பெற்ற பிரதி ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி, பொன் மையில் எழுதியது. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வாடிய பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் திரும்பி, தன் ஆடையைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அந்தத் ‘தொட்டது’ என்ற இடத்தில் இருப்பது ‘டேக்’கின் மூத்த உறவான ‘டேக்கன்’ என்ற கோத்திக் வினை. ஆக, ஆரம்பத்தில் அது வெறுமனே தொடுவது. தொட்டது பற்றியது, பற்றியது எடுத்தது. இடைக்கால ஆங்கிலத்தில் கொஞ்ச நாள் நேர் எதிராக ‘கையில் கொடு’ என்ற பொருளிலும் புழங்கியது. அதற்கும் முந்திய வேர் ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியே உறுதியாகக் கிடைக்கவில்லை.

1066இல் நார்மானியர் வந்தார்கள். பிரெஞ்சு ஆளும் மொழியானது. அரசவை, நீதிமன்றம், வரி, சமையல், நாகரிகம் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுச் சொற்கள் கொட்டின. அவற்றை ஏந்திக்கொண்டதும் இந்த ‘டேக்’தான். டேக் பார்ட், டேக் அட்வான்டேஜ், டேக் பிட்டி, டேக் ரிவெஞ்ச்: வினை நார்ஸ், பெயர்ச்சொல் பிரெஞ்சு, வாக்கியத்தின் இலக்கணம் ஆங்கிலம். ஒரே தொடருக்குள் மூன்று மக்கள் வாழ்கிறார்கள். பேசுகிறவருக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இந்த இரண்டு வருகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பிரெஞ்சு மேலிருந்து இறங்கிய மொழி. எண்ணிக்கையில் அது தந்தது மிக அதிகம். நார்ஸ் பக்கத்து வீட்டு மொழி. அது தந்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ‘எடு’ இருக்கிறது, ‘செத்துப்போ’ என்ற ‘டை’ இருக்கிறது, ‘முட்டை’ என்ற ‘எக்’ இருக்கிறது, ‘அவர்கள்’ இருக்கிறது. ‘கெட்’டையும் ‘கிவ்’வையும் இன்று உச்சரிக்கும் விதம் இருக்கிறது. அடுப்படியில், தொழுவத்தில், சாவு வீட்டில் பேசுகிற சொற்கள்.

இதை அன்பின் வெற்றி என்று மட்டும் எழுதினால் வரலாற்றுக்குத் துரோகம். 1002ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று எதெல்ரெட் அரசர் தன் நாட்டிலிருந்த டேனியர்களைக் கொல்ல ஆணையிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களைக் கோவிலோடு எரித்தார்கள். பதினான்கு வருடங்களில் கனூட் என்ற டேனியரே இங்கிலாந்தின் அரசரானார். ரத்தம் சிந்தியும் சம்பந்தம் செய்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள். அரசாணை ஆட்களைக் கொன்றது. கலந்துவிட்ட பேச்சை அதனால் பிரிக்க முடியவில்லை.

மொழிக் கலப்பைப் பற்றி நம்மிடம் நடக்கும் வாதங்களில் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை. கடன் வாங்கியதால் ஆங்கிலம் அழியவில்லை. அன்றாட வினையையே விட்டுக்கொடுத்தபிறகும் அது வளர்ந்தது. இங்கிலாந்தில் அழிந்தது கொடுத்த மொழியான நார்ஸ்தான். தன் சொற்கள் சிலவற்றைப் பக்கத்து வீட்டுக்குத் தந்துவிட்டு, டேன்லா மண்ணிலிருந்து அது முற்றாக மறைந்தது. யாரும் தடை போட்டு அது போகவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் அதில் பேசுவதைத் தலைமுறைக்குத் தலைமுறை குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கர்க்டேல் ஓர்ம் தன் பெயரில் நார்ஸைச் சுமந்தான். கல்வெட்டை ஆங்கிலத்தில் வெட்டினான்.

அதனால்தான் ‘சேவ் பண்ணு’ என்பதைக் கேட்டு எனக்குக் கவலை வருவதில்லை. ‘பண்ணினேன், பண்ணுகிறாள், பண்ணுவார்கள்’ என்று காலமும் இடமும் காட்டிக்கொண்டு தமிழ் அங்கே முழு வேலையில் இருக்கிறது. எனக்குக் கவலை, தமிழ் தெரிந்த அப்பாவும் அம்மாவும் சென்னையிலோ டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ குழந்தையிடம் சோறு ஊட்டும்போது முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிடும்போதுதான். கடன் வாங்கிய சொல்லை மொழி செரித்துவிடும். பேசாமல் விட்ட தலைமுறையை அதனால் செரிக்க முடியாது. உங்கள் பிள்ளை டேக்–டுக்–டேக்கன் மனப்பாடம் செய்யும்போது இந்தக் கதையைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலமும் நன்றாக மனதில் நிற்கும், தமிழும் நிற்கும்.